தந்தை பெயர் எழுதும் கட்டம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வடக்கிலிருந்து பிரிந்து பிறந்த எங்கள் புது நாட்டின் தலைநகர் ஜூபாவில், குடியுரிமைச் சான்றிதழுக்கான வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் ஜொகுடு. முன்கதையை நிற்கும்போதே அவள் சொன்னாள். அவள் உள்ளே போனதும் கதவருகே நின்றது நான். எல்லாம் காதில் விழுந்தது; கதவிடுக்கில் கொஞ்சம் கண்ணிலும் பட்டது.

முதல் வரியை இப்படி எழுதினேன்: 'புதிய நாட்டுக்குக் கொடி தைத்த அந்தப் பெண்ணுக்கு...'

வேண்டாம். அவள் கொடி தைக்கவில்லை. கொன்யோ கொன்யோ சந்தையில் மீன் பொரித்து விற்கிறாள். (கொடி என்றால் கதை அழகாகிவிடும். அதனால்தான் வேண்டாம்.)

2

நாடு பிறந்து ஏழு மாதம். சான்றிதழோடு வெளியே வருகிறவர் குலவையிட்டால் வரிசை முழுக்கக் குலவையிடும். யாரென்றே தெரியாதவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டோம். நானும்தான்.

ஜொகுடு வடக்கின் தலைநகர் கார்ட்டூமில் பிறந்து வளர்ந்தவள். அம்மா இங்கத்திய பாரி இனத்தவள். அப்பா இத்ரிஸ், வடக்கே தார்ஃபூர்க்காரர், லாரி ஓட்டியவர். இருவரும் இப்போது இல்லை. நாடு பிரிந்ததும் கார்ட்டூமில் 'நீ தெற்கத்தி' என்று வேலையை விட்டு அனுப்பினார்கள். இங்கே வந்தால் 'வடக்கத்தி' என்றார்கள். முப்பத்தாறு வயதில் எந்த நாட்டுக்காரியும் இல்லாமல் நின்றாள்.

சான்றிதழ் வேண்டுமானால் மூத்த ரத்த உறவு ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும். அவளுக்கு இருந்தது ஒரே ஒருவர்: தாய்மாமன் தொம்பே. வடக்கத்தியானைக் கட்டினாள் என்று, தங்கை சாகும்வரை அவள் முகத்தில் விழிக்காதவர்.

3

"மாமா, நான் எதுவும் கேட்டு வரல. 'இவ என் தங்கச்சி மக'ன்னு வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"எந்தத் தங்கச்சி?" என்று தகரக் கதவைச் சாத்தினார்.

(இங்கே அவரை வில்லனாக்கி ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன்.)

ஏனென்றால் குறித்த நாளில், பழைய கோட்டு மாட்டி, அவளுக்கு ஒரு மணி நேரம் முன்பே அலுவலகத்தில் வந்து நின்றார்.

"தாமதமா வர்றது உங்கப்பன் புத்தி."

மனம் ஏன் மாறியது? மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன். பயமாக இருக்கலாம். வயதாக இருக்கலாம். தங்கை கனவில்... இல்லை. எனக்குத் தெரியாது.

4

அதிகாரி மாஜொக் களைத்திருந்தார்.

"அம்மா வழி சாட்சி மட்டும் இருந்தா ஃபைல் மேல போகணும்மா. எப்ப திரும்பும்னு எனக்கே தெரியாது. அப்பா வழி ஆள் இருந்தா இன்னிக்கே முடிச்சுடலாம்."

"அம்மா வழியே போதும்னு சட்டத்துல இருக்கே ஐயா?"

"சட்டத்துல இருக்கு. மேல இருக்கறவங்க ஒத்துக்கணுமே."

தொம்பே மேசையைத் தட்டினார். "அப்பா வழிதானே வேணும்? எழுதுங்க. இவ என் மக. தொம்பே மக ஜொகுடு."

வெளியே யாருக்கோ குலவை எழுந்தது. அம்மா வீட்டார் ஒருவர் வாயிலிருந்து 'மக' என்ற சொல்லை ஜொகுடு அன்றுதான் கேட்டாள். மாஜொக்கின் பேனா தந்தை பெயர் எழுதும் கட்டத்தை நெருங்கியது.

அவள் படிவத்தின்மேல் கையை வைத்தாள்.

"இவர் என் மாமா. எங்கப்பா பேரு இத்ரிஸ். அதையே எழுதுங்க."

"வாய மூடுடீ! கெடைக்கறத வாங்கிக்க!"

"எங்கப்பாவ அழிச்சுட்டு எனக்கு நாடு வேணாம் மாமா."

மாஜொக் பேனாவை மூடினார். "பெரியவர் சொன்னது பொய்யின்னா இந்தச் சாட்சியே செல்லாதும்மா. யோசிச்சுச் சொல்லு."

"யோசிச்சுட்டேன்."

தொம்பே நாற்காலி விழ எழுந்தார். "பாருங்கய்யா! அப்படியே அவ அம்மா! அன்னிக்கும் இப்படித்தான் நின்னா. இதே கை, இதே திமிரு. என் தங்கச்சிய நான் பேசாமலே சாகவிட்டேனே!" கத்தினாரா, அழுதாரா என்று கதவுக்கு வெளியே பிரிக்க முடியவில்லை.

மாஜொக் அவர் முகத்தையும் அவள் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

5

பிறகு நடந்தது எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். மாஜொக்கை அவர் நாற்காலியிலிருந்து எழுப்பிவிட்டேன், நீங்கள் அதில் உட்காருங்கள். முத்திரை வலது கைப்பக்கம். வெளியே இருநூறு பேர் குலவைக்குத் தயாராக இருக்கிறோம்.

தந்தை பெயர்: