காசு வாங்காத கடை

சம்மட்டிக்கு வேலை கிடைத்துவிட்டது, பூட்ஸ்தான் கிடைக்கவில்லை.

பழைய கட்டடங்களை இடிப்பது அவன் தொழில். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வேலைத்தளத்தில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, போகப்போக வீட்டிலும் கூப்பிடவில்லை. மழைக்காலம் முழுவதும் வேலையில்லாமல் கிடந்தான். சமையலறையில் எந்த டப்பாவைத் தட்டினாலும் ஒரே மாதிரி சத்தம் வரத் தொடங்கிய நேரத்தில், மூடிக் கிடந்த ஆலை ஒன்றை இடிக்கிற வேலை வந்தது. வேலை கொடுத்த மேஸ்திரி ஒன்றே ஒன்று சொன்னார்.

"நாளைக்குக் காலைல, முன்னால இரும்பு வச்ச பூட்ஸோட வா. இல்லன்னா வராத. கேட்டுல நிக்கறவன் காலைத்தான் பாப்பான், மூஞ்சியப் பாக்க மாட்டான்."

"மூஞ்சியப் பாக்காத வரைக்கும் நமக்கு நல்லது" என்றாள் சம்மட்டியின் மனைவி. அலுவலகங்களில் தரை துடைப்பவள். துடைப்பத்தைப் போலத்தான் அவள் வாயும், ஒரு மூலையை விடாது.

அவன் கால் ஊரில் எந்தச் செருப்புக்கும் அடங்காத கால். நடைபாதைக் கடைக்காரர் அளந்து பார்த்துவிட்டு, "இது காலா, தோணியா?" என்று கேட்டார். அந்த அளவில் இரும்பு வைத்த பூட்ஸ் கடைத்தெருவின் கோடியில் இருந்த பெரிய கடையில்தான் கிடைக்கும் என்று அவரே கையைக் காட்டினார்.

அன்று சாயங்காலம் மனைவி தன் கணவனின் தலையணையை மடியில் வைத்துத் தையலைப் பிரித்தாள். பஞ்சுக்கு நடுவிலிருந்து நோட்டுகள் வந்தன. எல்லாவற்றிலும் அவன் தலை எண்ணெய் வாசம்.

"இத்தன நாளா பணத்து மேலயா படுத்திருந்தேன்?"

"அதான் அப்படிக் குறட்டை விட்டீங்க. பணக்காரன் தூக்கம்."

இருவரும் போனபோது பெரிய கடையின் கதவு தானாகத் திறந்தது. திறந்தது யார் என்று சம்மட்டி ஒருமுறை பின்னால் எட்டிப் பார்த்தான். பூட்ஸ் இருந்தது. போட்டுக்கொண்டு நடந்து பார்த்தான். கடைத் தூணை லேசாக உதைத்தும் பார்த்தான். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை. தூணைப் பற்றி அவன் கவலைப்படவில்லை. விலை அவர்கள் கையிலிருந்ததற்குள் அடங்கியது, மிச்சமும் வரும்.

கல்லாவில் ஒரு பெண் இருந்தாள். சம்மட்டி நோட்டுகளை நீட்டினான்.

"காசு வாங்கறதில்ல சார்" என்றாள் அவள்.

நோட்டுகளோடு சேர்த்துக் கையைக் கூப்பினான் சம்மட்டி. இந்தக் காலத்தில் இப்படியும் மனிதர்களா! தன் சட்டையையும் மனைவியின் வெடித்த குதிகாலையும் அவள் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"வேணாம்மா" என்றான். "உன் மனசு பெரிய மனசு. ஆனா நாங்க சும்மா வாங்கற அளவுக்கு இல்லாதவங்க இல்ல. வாங்கிக்கோ."

"சும்மா இல்ல சார். காசு வாங்க மாட்டோம். கார்டு குடுங்க."

"முழுசா வேணாம்னா பாதியாவது வாங்கிக்கம்மா."

மனைவி அவன் விலாவில் இடித்தாள். "தர்மம் இல்லங்க. நம்ம பணம் இங்க போகாதாம்."

"ஏன் போகாது? கள்ள நோட்டா?"

"நல்ல நோட்டுதான் சார். ஆனா நாங்க எடுக்கறதில்ல."

"பொண்ணு நல்ல பொண்ணுதான், ஆனா எங்க பையனுக்கு வேணாங்கற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. "ஏங்க, உங்ககிட்ட ஒரு கார்டு இருந்துதே, அது எங்க?"

சம்மட்டி கூரையைப் பார்த்தான். அவனிடமும் ஒரு கார்டு இருக்கத்தான் செய்தது. சாந்துக் கரண்டியில் காய்ந்துபோன சிமெண்டைச் சுரண்ட அதைவிடத் தோதான சாமான் வேலைத்தளத்தில் கிடையாது. சுரண்டியதில் அதன் பொன் நிறப் பொட்டு உதிர்ந்து, எந்தச் சுவரோடோ பூசப்பட்டுவிட்டது.

வரிசையில் பின்னால் கண்ணாடி போட்ட ஒருவர் நின்றிருந்தார். மனைவி அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்க கார்டுல இதுக்குக் குடுத்துடுங்க. அதுக்குண்டான பணத்த உங்க கையில குடுத்துடறேன்."

அவர் இல்லாத அழைப்பு ஒன்றைத் தொலைபேசியில் எடுத்து, "ஹலோ ஹலோ" என்றபடி சட்டைகள் தொங்கும் பக்கம் போய்விட்டார். அடுத்து நின்ற அம்மாள் ஒரு நோட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள், மோந்து பார்த்தாள், எண்ணெய் வாசத்துக்கு முகத்தைச் சுளித்தாள், திருப்பிக் கொடுத்தாள்.

"கையில வெண்ணெய வச்சிட்டு நெய்க்கு அலையறோம்" என்றாள் மனைவி. "கடைய மூடப் போறாங்க. என் தம்பியக் கூப்பிடட்டுமா?"

"வேணாம்."

"நாளைக்குக் கேட்டுக்கு வெளிய நிக்கறீங்களா?"

அவள் தம்பி ஒரு கிடங்கில் ராத்திரி ஷிஃப்டில் பார்சல் கட்டுபவன். மாதச் சம்பளம் கார்டில் விழத் தொடங்கிய நாளிலிருந்து அவன் மாமனைப் பார்த்து, "இன்னும் மடியில முடிஞ்சிட்டுத் திரியறீங்களா? நீங்க எந்தக் காலத்துல இருக்கீங்க?" என்று கேட்காத நாளில்லை. இப்போது அவனிடமே போய் நிற்பதைவிட ஒரு மாடிச் சுவரை நெஞ்சில் தாங்கிவிடலாம். ஆனால் கேட் ஒன்று இருந்தது, அதில் காலைப் பார்க்கிறவன் இருந்தான்.

மனைவி கூப்பிட, வேலைக்குப் போகிற வழியில் தம்பி வந்தான். சட்டைப் பையிலிருந்து கார்டை இரண்டு விரலால் உருவினான்.

"சொன்னேன்ல மாமா? காசெல்லாம் செத்துப் போச்சு. இந்தாங்க, நீங்களே தட்டுங்க. ஆசையா இருக்கும்."

"இதுலயா?" சம்மட்டி கல்லாவில் இருந்த சின்ன இயந்திரத்தைப் பார்த்தான். காலை அகட்டி நின்று, கையைத் தோளுக்கு மேல் ஓங்கினான்.

"சார்! சார்!" கல்லாக்காரப் பெண் இயந்திரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். "மெல்ல! தொட்டா போதும்!"

"தட்டுன்னு இவன் சொன்னானே?"

"தட்டறதுன்னா தொடறது சார்."

"அப்ப தொடறதுன்னா என்னம்மா சொல்லுவீங்க?"

தொட்டான். இயந்திரம் கீச்சென்றது. அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள். "கார்டுல பணம் இல்ல சார்."

தம்பியின் காது சிவந்தது. "மாசக் கடைசி அக்கா. எல்லாருக்கும் அப்படித்தான்."

"கார்டு இருக்கறவன்கிட்ட காசு இல்ல, காசு இருக்கறவன்கிட்ட கார்டு இல்ல" என்றாள் அக்கா. "நல்ல காலம்டா உன் காலம்."

"அதுக்கு வழி இருக்குக்கா. வாசல்ல பணம் போடற மெஷின் இருக்கு. உங்க நோட்டப் போட்டா அடுத்த நிமிசம் என் கார்டுல வந்துடும். வந்து தட்டிட்டுப் போயிடலாம்."

மூவரும் போனார்கள். இயந்திரம் வாயைத் திறந்தது. மனைவி நோட்டுகளை வைத்தாள். ஒரே ஒரு நோட்டை மட்டும் துப்பியது. அவள் அதை முந்தானையில் துடைத்து எண்ணெயைப் போக்கி மறுபடி கொடுத்தாள். விழுங்கியது. உள்ளே ஏதோ கடகடவென்று ஓடி அடங்கியது. தம்பியின் தொலைபேசி ஒருமுறை மணியடித்தது.

"பாத்தியா? விழுந்துடுச்சு."

அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் இன்னொரு முறை அடித்தது.

தம்பி படித்தான். மறுபடி படித்தான். தொலைபேசியைத் தலைகீழாகத் திருப்பினால் வேறு மாதிரி இருக்குமோ என்பது போலத் திருப்பினான்.

"என்னடா?"

"டிவிக்குத் தவணை பாக்கி இருந்துச்சுக்கா. கணக்குல பணம் இல்லாததால ரெண்டு வாரமா எடுக்க முடியாம இருந்தாங்க. இப்ப…"

"இப்ப?"

"எடுத்துட்டாங்க."

யானை வாயில் போன கரும்பு. இயந்திரத்தின் வாய் மூடியிருந்தது. சம்மட்டி அதை ஒரு சுவரைப் பார்க்கிற கண்ணால் பார்த்தான். எந்த இடத்தில் அடித்தால் விரிசல் விடும் என்று அவனுக்குத் தெரிந்தது. மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் தலையணை எங்கடா?" என்றாள் தம்பியிடம். குரல் உடைந்திருந்தது. "ஒவ்வொரு நோட்டா ஒரு வருசம் தச்சேன்டா."

"சம்பளம் வந்ததும் முதல் வேலையா குடுத்துடறேன்கா. சத்தியமா. கணக்குப் பாத்தா அந்த டிவில கால்வாசி இப்ப உங்களுது."

"கால்வாசி டிவிய வச்சிட்டு நான் என்ன பண்றது? என் புருசனுக்கு ரெண்டு காலுக்கும் பூட்ஸ் வேணும்!"

சொல்லிவிட்டு அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அழப்போகிறாள் என்று இருவரும் பயந்தார்கள். அவள் அழவில்லை. தம்பியின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது என்னது?"

"எது?"

"கால்ல."

"பூட்ஸ். கம்பெனி குடுத்தது. பாரம் விழுந்தா அடிபடக் கூடாதுன்னு முன்னால இரும்பு…" தம்பி நிறுத்தினான்.

"கழட்டு."

"அக்கா, எனக்கு டூட்டி இருக்கு! அதோட இது எனக்கே பெருசு. குடோன்ல மிச்சம் இருந்தது இது ஒண்ணுதான். உள்ள காகிதம் அடைச்சிப் போட்டுட்டிருக்கேன்."

"பெருசா?" என்றான் சம்மட்டி. வந்ததிலிருந்து முதன்முறையாக அவன் முகம் தெளிந்தது.

கடை வாசலில், தானாகத் திறந்து திறந்து மூடும் கதவுக்கு முன்னால், தம்பி உட்கார்ந்து ஒரு பூட்ஸைக் கழற்றினான். அதிலிருந்து முழுச் செய்தித்தாள் ஒன்று வந்தது. சம்மட்டி காலை நுழைத்தான். பிடித்தது, கொஞ்சம் இறுக்கம், ஆனால் போனது.

"ராத்திரி உனக்கு, பகல் அவருக்கு" என்று தீர்ப்புச் சொன்னாள் அக்கா. "பஸ் நிறுத்தத்துல காலைல நீ கழட்டு, அவர் போடட்டும். சாயங்காலம் அவர் கழட்டட்டும். எங்க பணம் வர்ற வரைக்கும்."

"யாராவது பாத்தா மானம் போயிடும்கா."

"மானத்துக்கும் தவணை உண்டு, கட்டு."

மறுநாள் காலை பஸ் நிறுத்தத்தில் தம்பி வெறும் சாக்ஸோடு நின்றான். செருப்பைக் கொண்டுவர மறந்திருந்தான். ஆலைக் கேட்டில் நின்றவன், மேஸ்திரி சொன்னது போலவே, சம்மட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து காலைப் பார்த்தான். பூட்ஸின் பக்கவாட்டில் கிடங்குக் கம்பெனியின் பெயர் வெள்ளையாக அச்சடித்திருந்தது.

"இது யாரு பூட்ஸ்?"

சம்மட்டி ஒரு காலை மறு காலுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"என் மச்சானோடது சார்."

"அப்ப நீ யாரு?"

"கால் என்னோடது சார்."

காவல்காரன் தன் கையிலிருந்த உத்தரவைப் பார்த்தான். காலில் பூட்ஸ் இருக்க வேண்டும் என்றுதான் அதில் போட்டிருந்தது. யாருடைய பூட்ஸ் என்று போடவில்லை. "போ" என்றான்.

சாயங்காலம் சிமெண்ட் தூசியோடு சம்மட்டி பஸ் நிறுத்தத்துக்கு வந்தபோது தம்பி காகிதத்தோடு காத்திருந்தான். மாமன் கழற்றிக் கொடுத்ததில் காலை விட்டவன் துள்ளி எழுந்தான்.

"ஐயோ மாமா! உள்ள என்ன அடுப்பு எரிச்சீங்களா?"

"பகல் பூரா வேலை பாத்த சூடுடா மச்சான். ஆறறதுக்குள்ள போட்டுக்க. சரி, சாவிய எடு."

"என்ன சாவி?"

"வீட்டுச் சாவி. உங்கக்கா உன் வாசல்ல நிக்கறா. அந்தக் கால்வாசி டிவிய இன்னைலருந்தே பாக்கணுமாம்."

தம்பி சாவியைக் கொடுத்துவிட்டு, பஸ் வருவதற்குள் குனிந்து காகிதத்தை அடைக்கத் தொடங்கினான். சம்மட்டி வெறுங்காலோடு, அகலமாக, அவன் வீட்டுப் பக்கம் நடந்தான்.