மருதாசலம் எதற்குச் சரி சொன்னார்?

1

திருப்பூர் காதர்பேட்டையில் வழி கேட்டதில்தான் இந்தக் கதை தொடங்கியது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பனியன் கடைகளுக்கு நடுவே நின்றிருந்த ஒருவரிடம், பழைய பஸ் ஸ்டாண்டுக்கு இப்படிப் போகலாமா என்று கேட்டேன். "ஆமாங்க" என்றார். எதிர்ப்பக்கம் கையைக் காட்டி, இல்லை அப்படியா என்றேன். அதே சிரிப்புடன் அதற்கும் "ஆமாங்க". அவருக்குக் காது கேட்கவில்லை என்பது தெருத்தெருவாகச் சுற்றிய பிறகுதான் எனக்கு உறைத்தது. கோபம் வரவில்லை. அவ்வளவு மரியாதையாக என்னை யாரும் வழிதவற வைத்ததில்லை.

அவருக்கு ஒரு பெயர் வைத்தேன்: மருதாசலம். யாழினி என்று ஒரு மகளையும் கொடுத்தேன். (உண்மையில் அவருக்கு மகள் உண்டா என்று தெரியாது. கேட்டிருந்தால் ஆமாங்க என்றிருப்பார்.)

2

முதல் தொடக்கம்: "திருப்பூரில் பொழுது விடியும்போது நொய்யலின் நிறம்…" வேண்டாம். திருப்பூர் என்றாலே ஆற்றில் சாயத்தைக் கலந்துவிட்டுத்தான் கதையை ஆரம்பிக்க வேண்டுமா?

இரண்டாவது தொடக்கம்: "யாழினிக்குப் பேச வராது." இது பொய். அவள் பேச ஆரம்பித்தால் அம்மா அமராவதி டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன். யாழினி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. அந்தப் பருவத்தில் அவளுக்கு ஒரு புதுப் பாடம் வந்தது, படிப்பவரை இணங்கவைக்கும்படி எழுதுவது எப்படி என்று. நடத்தியவர் ஜெபக்குமார், நாகர்கோவில்காரர். பழைய கிரேக்கர்கள் ஊர்ச்சபையில் எப்படிப் பேசி ஜெயித்தார்கள் என்பதிலிருந்து தொடங்கினார். பேசுகிறவர் மேல் நம்பிக்கை வர வேண்டும், கேட்கிறவர் மனம் அசைய வேண்டும், சொல்லும் காரணம் தன் காலில் நிற்க வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். யாழினிக்கு மட்டும் பைத்தியம் பிடித்துவிட்டது. அக்கம்பக்கத்தில் ஆட்டோவுக்குப் பேரம் பேசுகிறவர்களைக்கூட நின்று கவனித்து, இது அந்த மூன்றில் எந்த வழி என்று பிரித்துப் பார்த்தாள்.

ஒரு பயிற்சி கொடுத்தார். ஒரே விஷயத்துக்கு இரண்டு பக்கமும் எழுத வேண்டும். வீட்டில் ஒருவரிடம் வாசித்துக் காட்டி, எந்தப் பக்கம் அவர் இணங்கினார் என்று குறித்து வர வேண்டும். வகுப்புக்குள் செல்போன் கூடாது என்று எழுதியதை யாழினி அப்பாவிடம் வாசித்தாள். "செரிதான் கண்ணு" என்றார். செல்போன் வேண்டும் என்று எழுதியதையும் வாசித்தாள். "செரிதான் கண்ணு." இரண்டு பக்கமும் ஜெயித்த பெருமையில் கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு ஏதோ இடித்தது. காகிதத்தைப் பார்த்தபடியே, குரலை மாற்றாமல் இன்னொரு வரி வாசித்தாள்.

"நம்ம ஊடு தீப்புடிச்சு எரியுதுங்கப்பா."

"நல்லா எழுதியிருக்கறே" என்றார் மருதாசலம்.

சிரிக்கவைக்கத்தான் இந்த இடத்தை எழுதினேன். எழுதி முடித்தபோது எனக்கே சிரிப்பு வரவில்லை. யாழினி சமையலறைக்குப் போய் அம்மாவைப் பார்த்தாள். அமராவதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்கு ஏற்கெனவே தெரியும்.

3

[அடிக்குறிப்பாகப் போட வேண்டியது, இங்கேயே சொல்லிவிடுகிறேன். மருதாசலம், ராஜவேல் என்பவரின் பனியன் துணி பின்னும் நிட்டிங் கம்பெனியில் ஆபரேட்டர். மெசின் சத்தத்திலேயே அவருடைய வயது போய்விட்டது, காதும் போய்விட்டது. ஊசி உடைந்தால் துணியில் கோடு விழும். சத்தம் மாறுவதை வைத்தே நல்ல ஆபரேட்டர் அதைப் பிடித்துவிடுவார். மருதாசலம் இப்போது மெசின்மேல் உள்ளங்கையை வைத்து, அதிர்வில் பிடிக்கிறார். முதலாளிக்கு இது தெரியாது.]

ஒரு கல்யாண மண்டபத்தில், மேளம் உச்சத்தில் இருந்தபோது, ராஜவேல் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏதோ கேட்டார். மருதாசலம் "ஆகட்டுங்க" என்றார். முதலாளி கேட்டது இது: முதலிபாளையத்தில் புதிதாகப் போடும் யூனிட்டின் ஆபீசுக்கு நம்பிக்கையான ஆள் வேண்டும், வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து யாழினியை அனுப்பிவிடலாமா, படிப்பைத் தபாலில் முடித்துக்கொள்ளட்டுமே. ராஜவேலின் மனைவி போனில் கூப்பிட்டுச் சந்தோஷப்பட்டபோதுதான் வீட்டுக்கே விஷயம் தெரிந்தது.

(ராஜவேலைக் கெட்டவராக்கி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். கிழித்துப் போட்டேன். அந்தக் குடும்பத்துக்கு உதவுவதாகத்தான் அவர் நினைக்கிறார். அதனால்தான் மறுப்பது இன்னும் சங்கடம்.)

அமராவதி கணவனின் முகத்துக்கு நேரே நின்று, கத்தி, விஷயத்தைப் புரியவைத்தாள். மருதாசலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "சொல்லிப்போட்டேன். சொன்னது சொன்னதுதான்" என்றார். நீங்கள் கேட்டது என் காதில் விழவில்லை என்று போய்ச் சொன்னால் போதும், மகளின் படிப்பு பிழைத்துக்கொள்ளும். அந்த ஒன்றைத்தான் அவரால் சொல்ல முடியவில்லை.

4

யாழினி எழுத உட்கார்ந்தாள். படித்த பாடம் அப்பாவிடம் செல்லாவிட்டால் வேறு யாரிடம் செல்லும்?

"நான் இதுவரை உங்கள் பேச்சைத் தட்டியதில்லை, அதனால்…" நம்பிக்கை வழி. அப்படியானால் இப்போதும் தட்டாதே என்பாரே. அடித்தாள்.

"நான் அழுது அழுது…" மன வழி. அவள் அழவில்லை. கோபமாக இருந்தாள். அதையும் அடித்தாள்.

"பட்டம் வாங்கினால் இதைவிட நல்ல வேலை…" காரண வழி. அதை அவர் எப்போது மறுத்தார்?

யாருக்கு என்று சொல்லாமல் ஜெபக்குமாரிடம் காட்டினாள். அவர் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "எதிராளி பேச்ச மொதல்ல நீ எழுது மக்ளே. அவரவிட நல்லா எழுதணும். பெறகு உன் பேச்சப் பாப்போம்."

அப்பாவாக இருந்து எழுதினாள்:

"நான் மருதாசலம். நாலு பேர் இருந்த இடத்தில் கொடுத்த வாக்கு. அதை மாற்றுகிற பழக்கம் எனக்கு இல்லை. எனக்குக் கேட்காது என்று தெரிந்துவிட்டால், பிறகு என்னிடம் யாரும் எதையும் கேட்கமாட்டார்கள். என்னை நடுவில் வைத்துக்கொண்டே தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். என் மகள் கெட்டிக்காரி. படிப்பை விட்டாலும் பிழைத்துக்கொள்வாள்."

கடைசி வரியில் அவளுக்கு நிஜமாகவே அழுகை வந்தது. அப்பா பக்கம் ஜெயித்துவிட்டது. தன் பக்கத்தை எழுத அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. எனக்கும் இந்த இடத்தில் கதை நின்றுபோனது. நிறைய நாள் தொடவே இல்லை.

5

நின்ற கதையைத் தள்ளிவிட இரண்டு முடிவுகள் யோசித்தேன். ஒன்றில் யாழினி காது மெசின் வாங்கித் தருகிறாள், அவர் போட்டுக்கொண்டு கண்கலங்குகிறார். இது விளம்பரம். மற்றதில் அவள் வேலைக்குப் போகிறாள், "ஒன்றாம் தேதி காலையில் கம்பெனி வேன்…" இதற்குமேல் எழுதக் கை வரவில்லை.

எழுத வந்தது இதுதான். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பாவின் பேச்சை எழுதிய காகிதத்தை அப்பாவிடமே கொடுத்தாள். அவர் விரல் வைத்து வரி வரியாகப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார்.

"எல்லாஞ் செரி கண்ணு. நான் பயந்துக்கிட்டு இருக்கறத எழுதாம உட்டுப்போட்டியே."

வாக்கு, மானம் என்று அவள் தேடித்தேடிப் போட்ட வார்த்தைகளுக்கு அடியில் அது ஒன்றுதான் இருந்திருக்கிறது. அவளுக்கு அப்பாவின்மேல் இருந்த கோபம் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்த்து, உதடு தெரியும்படி, முதலாளியிடம் சொல்லப் போகும்போது நானும் கூட வருகிறேன் என்று நிதானமாகச் சொன்னாள். அவருக்குப் புரிந்தது. வெளியே நின்றால் போதும் என்றார்.

6

மறுநாள் கம்பெனி. முதலாளி அறைக்குக் கண்ணாடிக் கதவு. யாழினி வெளியே நின்றாள். பின்னால் மெசின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் உள்ளே பேசுவது ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் உதடு அசைவது மட்டும் தெரிந்தது. அப்பா இத்தனை வருடமாக இப்படித்தான் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாரா என்று நினைத்தபடி கண்ணாடிக்கு இன்னும் கிட்டே போய் நின்றாள்.

நானும் அவளோடு வெளியேதான் நிற்கிறேன். எழுதுகிறவன் என்ற உரிமையில் கதவைத் திறந்துகொண்டு போகலாம். போகவில்லை. அவர் தன் வாயால், தனியாகச் சொல்லட்டும்.

ராஜவேல் நாற்காலியைக் காட்டினார். மருதாசலம் உட்காரவில்லை. ஏதோ சொன்னார். நிறுத்தினார். பிறகு கையைத் தூக்கி, தன் காதைத் தொட்டுக் காட்டினார். கதவுக்கு வெளியே நின்ற மகளையும் காட்டினார். ராஜவேலின் சிரிப்பு நின்றது. மேஜைமேல் சாய்ந்து அவரையே பார்த்தார். பேச வாயைத் திறந்தார்.

அந்தப் பதிலை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். பெண்ணைப் படிக்கச் சொல்லி, இவரை மெசினிலேயே விட்டுவைக்கலாம். பெண்ணைப் படிக்கச் சொல்லி, இவரை வாசல் கேட்டில் காவலுக்கு அனுப்பலாம். நீங்கள் மனிதர்களை எவ்வளவு நம்புகிறீர்களோ, அதைப் பொறுத்தது. ஒரே ஒரு வேண்டுகோள். ராஜவேலைக் கொஞ்சம் உரக்கப் பேசச் சொல்லுங்கள். இந்தத் தடவை மருதாசலம் கேட்ட பிறகுதான் பதில் சொல்லப் போகிறார்.