ஐந்து ஊருக்கும் ஒரே பூட்டு

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. வீடில்லாதவர்களுக்காக ஐந்து ஊர்கள் சேர்ந்து அமைத்த கூட்டுக்குழு ஒன்றைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள், அதனால் நிதானமாகவே தொடங்கிப் பார்த்தேன்.

'மழை வரும் போலிருந்த ஒரு மாலையில், பேருந்து நிலையத்தின் ஓரமாக—'

வேண்டாம். மழையை அழகாக எழுதினால் நனைகிறவர்களை மறந்துவிடுவீர்கள்.

2

நாயகி அந்தக் குழுவின் ஒருங்கிணைப்பாளர். (முதலில் அவளைத் தியாகியாக எழுதினேன். எனக்கே சிரிப்பு வந்தது. இப்போது வெறுமனே களைத்துப்போனவள்.) ஐந்து ஊர் விடுதிகளிலும் எந்தப் படுக்கை காலி என்று அவள் கணினி சொல்லும். முன்பெல்லாம் ஓர் ஊரில் இடமில்லையென்றால் அடுத்த ஊருக்கு நடந்து போய்க் கேட்பார்கள். இனி அலைய வேண்டியதில்லை. அதோடு ஒரு விதியும் வந்தது: ஓர் ஊரில் கொடுத்த இடத்தை வேண்டாம் என்றவர், ஐந்து ஊரிலும் வேண்டாம் என்றவர்.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். ஊர்கள் ஒன்றுபட்டால் வீடில்லாதவனுக்குத் திண்டாட்டம் என்பதை இந்தக் குழுதான் கண்டுபிடித்தது.

3

ஒரு தையல்காரர், அவர் மனைவி. கடையும் அதன் பின்னால் குடியிருந்த அறையும் இடிபட்ட பிறகு பேருந்து நிலையத்தில் படுக்கிறார்கள். படுக்கை காலியிருந்த ஆண்கள் விடுதி ஓர் ஊரில், பெண்கள் விடுதி வேறோர் ஊரில்.

"அவருக்கு வலிப்பு வரும்மா. தூக்கத்துலதான் வரும். உடனே ஒருக்களிச்சுப் படுக்க வைக்கணும். நான் பக்கத்துல இல்லேன்னா யாரு செய்வா?"

"விடுதியில ஆள் இருப்பாங்கக்கா."

"வாசல்ல உக்காந்திருக்கிற ஆளா? அந்த ஆளுக்கு உள்ள நடக்கறது எப்படிம்மா தெரியும்? எங்களைப் பிரிக்காதீங்க. வேண்டாம்."

அந்த ஒரு 'வேண்டாம்' போதும். ஒருங்கிணைப்பாளர் விதிப்படி ஒரு பொத்தானை அழுத்தினாள். ஐந்து ஊரிலும் கதவு சாத்திக்கொண்டது.

(இந்த இடத்தில் அவள் கை நடுங்கியது என்று எழுதி அடித்துவிட்டேன். நடுங்கவில்லை. பழகிய கை. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தவள்தான் பாதியில் எழுந்து கை கழுவிவிட்டாள்.)

4

மறுநாள் அவள் குழுத் தலைவரிடம் போனாள்.

"நம்ம ஆபீஸுக்குக் கீழ ஒரு ரூம் சும்மா கிடக்குது சார். ரெண்டு பேரும் அதுல படுத்துக்கட்டும்."

"உங்க மனசு புரியுதும்மா. ஆனா அது விழாச் சாமான் வைக்கிற ரூம். ஒருத்தருக்கு வளைஞ்சு குடுத்தா எல்லாரும் கேப்பாங்க."

"கேக்கட்டும் சார். வீடு இல்லாதவங்க வேற என்ன கேப்பாங்க?"

அந்த அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகள், பதாகைகள், ஒரு நீள மேசை. நாற்காலிகளுக்குக் கூரை இருக்கிறது. அவற்றை ஆண், பெண் என்று யாரும் பிரிக்கவில்லை. எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

5

முடிவுகள்.

'தையல்காரர் விடுதியில் தனியாக—'

மாட்டேன். அவரைக் கொன்றால் நீங்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உங்கள் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவீர்கள்.

'தலைவர் மனம் மாறி—'

போங்கள் சார்.

மிச்சம் இருப்பது இதுதான். அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஒருங்கிணைப்பாளர் ஆணியில் தொங்கிய அந்த அறைச் சாவியை எடுத்தாள். பேருந்து நிலையத்துக்குப் போய் இருவரையும் கூட்டி வந்தாள். நாற்காலிகளை ஒவ்வொன்றாக முற்றத்தில் போட்டார்கள். தூறல் விழத் தொடங்கி வலுத்தது. நனையட்டும்; நாற்காலிக்கு வலிப்பு வராது. தையல்காரர் படியில் அமர்ந்து பாயின் சுருளைப் பிரிக்கிறார். நீள மேசையின் ஒரு முனையை அவளும் மறுமுனையை அவர் மனைவியும் தூக்கிவிட்டார்கள். அது வாசற்படியில் பாதி உள்ளே, பாதி வெளியே நிற்கிறது.

அவளுடைய போன் அடிக்கிறது. தலைவர்தான். பார்த்தவன் எவனோ சொல்லிவிட்டான்.

எடுக்க வேண்டுமென்றால் மேசையைக் கீழே வைக்க வேண்டும். அவள் வைக்க மாட்டாள், அந்த மட்டில் அவளை நம்புகிறேன். போன் விடாமல் அடிக்கிறது. நீங்கள்தான் சும்மா நிற்கிறீர்கள். எடுத்துப் பேசுங்கள்.