பலகையில் மாட்டிய வாட்ச்

…பூட்டியிருந்தது என்று மட்டும் சொன்னால் போதும், அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம், ரூமைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போனோம், திரும்பி வந்து பார்த்தால் வாட்ச்சைக் காணோம், இதைச் சொல்ல என்ன பெரிய படிப்பு வேண்டிக்கிடக்கிறது, ஆனால் எனக்கு முன்னால் உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறதே இந்த முதுகு, இதற்குப் பொய் வராது, பொய் வாய்க்குள் வரும்போதே இரண்டு காது மடலும் சிவந்துபோகும். பெண் பார்க்க வந்த அன்றைக்கு என் அப்பா சும்மா பேச்சுக்கு எங்க ஊரு புடிச்சிருக்குதுங்களா என்று கேட்டார், கல்லாவியில் கொசு ஜாஸ்தி என்று பதில் சொன்ன மாப்பிள்ளை இவர். அன்றைக்கே எனக்குப் பிடித்துப்போனது, அது வேறு கதை… இப்போது அந்தக் காது ஹெல்மெட்டுக்குள் இருக்கிறது, கடையில் கழற்றத்தானே வேண்டும். எங்கள் இருவருக்கும் நடுவில் பூபதி அண்ணன் கடையின் வாடகைப் பை, உள்ளே நீச்சல் கண்ணாடி, வாத்துக்கால் மாதிரி ரப்பர் செருப்பு, கறுப்பு ரப்பர் சட்டை, எல்லாம் மொட்டை மாடியில் அலசிக் காயப்போட்டு மடித்து வைத்தது, இருந்தும் கடல் வாசனை போகவில்லை. ஒன்றுதான் இல்லை. தண்ணீருக்கு அடியில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறோம், இன்னும் எவ்வளவு நேரம் தங்கலாம் என்று காட்டுகிற அந்தக் கனத்த வாட்ச். பையிலேயே விலை உசத்தி அதுதான்.

சிப்காட்டைத் தாண்டுவதற்குள் ஷிஃப்ட் விட்டுவிட்டார்கள், கம்பெனி பஸ் ஒன்றன் பின் ஒன்றாக வந்து நிற்கிறது, நடுவில் கர்நாடகா லாரி, வண்டி நகரவே இல்லை. மற்ற நாளில் இவரும் இந்நேரம் இப்படி ஒரு பஸ்ஸில்தான் வருவார், கையை நன்றாகக் கழுவி, சட்டைப் பையில் பேனாவைச் சொருகி, எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் மாட்டிவிட்ட திருப்தியோடு. அந்த மாட்டுகிற பழக்கம்தான் வினை. இவர்கள் கம்பெனிச் சுவரில் ஒரு பலகை இருக்கிறதாம், ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதனதன் உருவத்தைப் பெயின்டில் வரைந்து கொக்கி வைத்திருப்பார்களாம், வேலை முடிந்தால் அதில் மாட்டிவிட்டு வர வேண்டும், அடுத்த ஷிஃப்ட் ஆள் அங்கிருந்து எடுத்துக்கொள்வான். அதில் ஒன்றுகூடத் தொலைந்ததில்லை என்று என் அம்மாவிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார், அம்மாவும் ஏதோ கோயில் நகையைப் பற்றிச் சொல்கிற மாதிரி கேட்டுக்கொண்டார். வீட்டிலும் அதே கதைதான், கரண்டிக்கு ஒரு ஆணி, சாவிக்கு ஒரு ஆணி, என் துப்பட்டாவுக்குக்கூட. லீவுக்கு டைவிங் போன கர்நாடகக் கடற்கரை ஊர் முருடேஸ்வரில் படகு வந்து நிற்கிற இடத்தில் ஒரு தகரக் கொட்டகை, அதன் சுவரில் நீலப் பலகை, வரிசையாகக் கொக்கி, அந்த ஊர் டைவிங்காரர்களின் வாட்ச்சும் மீட்டரும் தொங்குகின்றன. இவர் கடலிலிருந்து ஏறி வந்தார், சொட்டச் சொட்ட நின்றார், கையிலிருந்த வாட்ச்சைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார், என்னைக் கூட்டிக்கொண்டு இட்லி சாப்பிடப் போய்விட்டார். ஓசூரிலிருந்து வாடகைக்கு எடுத்துப் போன வாட்ச்சை, முன்பின் தெரியாதவர்கள் பலகையில்! பாதி இட்லியில்தான் மணிக்கட்டைப் பார்த்தார். ஓடினோம், கொக்கி காலி. கொட்டகைக்காரர்கள் எங்கள் சாமானை மட்டும்தான் எண்ணுவோம் என்றார்கள், அடுத்த படகு அதற்குள் போய்விட்டது, வந்தபின் ஒவ்வொருவராகக் கேட்டும் பார்த்தோம். ஏன் அங்கே மாட்டினீர்கள் என்று கேட்டேன், கோபமாகத்தான் கேட்டேன். அதற்கு இந்த மனுஷன் சொன்னது: "கொக்கி காலியா இருந்துச்சுளா."

இதற்கு எப்படிக் கோபப்படுவது? திருடன்தான் எடுத்தானா, இல்லை அடுத்த ஷிஃப்ட் ஆள் மாதிரி யாரோ ஒருவன் நமக்குத்தான் மாட்டியிருக்கிறார்கள் என்று கட்டிக்கொண்டு போனானா… போலீஸில் சொல்லலாமா என்றேன், என்னன்னு சொல்லச் சொல்லுத, நானே போய் மாட்டிட்டு வந்தேன்னா என்றார். இவர் ஊரில் பெண்டாட்டியை உரிமையோடு கூப்பிடுகிற இந்த "ளா" எங்கள் ஊர்ப்பக்கம் யாருக்கும் புரியாது, கல்யாணமான புதிதில் இவர் என்னை ஏளா என்று கூப்பிட்டதைக் கேட்டு மாப்பிள்ளை திட்டுகிறார் என்று சித்தி அழுதேவிட்டாள். கோவில்பட்டிக்காரர், கடலை வருஷத்துக்கு ஒரு தடவை திருச்செந்தூரில் காலை நனைக்கப் பார்த்ததோடு சரி. பாண்டிச்சேரியில் போய் டைவிங் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்றபோது வீடே சிரித்தது, நானும் சிரித்தேன். அப்புறம் ஒருநாள் கூடப் போய்ப் பார்த்தேன், தண்ணீரிலிருந்து ஏறி வந்த ஆளை எனக்கு அடையாளமே தெரியவில்லை, தோள் இரண்டும் இறங்கிக் கிடந்தது, கம்பெனியில் டார்கெட், ஆடிட் என்று காதுக்கிட்ட ஏறிக்கொண்ட தோள், அன்றைக்குத்தான் அது இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. கீழே என்னதான் இருக்கு என்று கேட்டேன். "ஒண்ணும் கேக்காதுளா, என் மூச்சு மட்டுந்தான் கேக்கும்" என்றார். இதைச் சொந்தமாக வாங்க நமக்குக் கட்டுப்படி ஆகாது, ஓசூரில் இதையெல்லாம் நம்பிக் கொடுக்கிறவர் பூபதி அண்ணன் ஒருத்தர்தான்.

அந்தப் பூபதி அண்ணன் பையைக் கொடுக்கும்போதே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார், பூட்டின ரூம்லேர்ந்து திருடு போனா கடையும் பாதி ஏத்துக்கும் சார், வெளிய எங்கியாவது வெச்சிட்டுப் போயிட்டா முழுசும் உங்க பொறுப்பு, அதுக்கப்புறம் நம்ம கடைல உங்களுக்குச் சாமான் கிடையாது. பணத்தை எப்படியாவது கட்டிவிடலாம், மெதுவாகக் கட்டலாம். அந்தக் கடைசிப் பேச்சுதான் என்னைத் தூங்கவிடவில்லை. இவரோடு வேலை பார்க்கிற முத்துக்குமார் விஷயத்தைக் கேட்டதும், ரூம்லேர்ந்து போச்சுன்னு சொல்லுங்க, யாரு போயிப் பாக்கப் போறாங்க என்றான், நானும் நேற்றிலிருந்து அதையே பிடித்துக்கொண்டேன், சாதம் போடும்போது சொன்னேன், வண்டியில் ஏறும்போது சொன்னேன். இவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். ஆனால் ரூம் என்றால் சென்னம்மா வேலை பார்க்கிற லாட்ஜ் ரூம்… பூபதி அண்ணன் சொல்லித்தான் அங்கே தங்கினோம், சென்னம்மாதான் எல்லா ரூமையும் பெருக்குவாள், இன்னொரு சாவி அவள் இடுப்பில்தான் தொங்கும். எனக்குப் படகுக்காற்று ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்தபோது ஓடி வந்து தலையைப் பிடித்துக்கொண்டவள், ஓசூர்ச் சந்தையில் கற்ற என் அரைகுறைக் கன்னடத்தைக் கேட்டுச் சிரித்துச் சிரித்து, கிளம்பும்போது என் தலையில் மல்லிகையும் வைத்துவிட்டாள். அவள் பேரை நான் எங்கே சொல்கிறேன், ஏதோ ஒரு திருடன் என்றுதானே சொல்லப்போகிறோம், திருடனுக்குப் பேர் வேண்டுமா என்ன…

பாகலூர் ரோட்டில் கடைக்குள் நுழைந்தபோது பூபதி அண்ணன் கூடாரத் துணியை மடித்துக்கொண்டிருந்தார், அஞ்செட்டிப் பக்கம் மலையேறப் போன பெங்களூர்ப் பையன்கள் சேறும் சகதியுமாகத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பையைத் திறந்தார், ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார், கடைசியில் கையை விட்டுத் துழாவினார். வாட்ச் எங்கே சார் என்றார். திருடு போயிடுச்சுங்கண்ணா என்று நான்தான் சொன்னேன், அது பொய் இல்லை பாருங்கள், அதனால் எனக்குச் சுலபமாக வந்தது. அவர் முகம் சுருங்கியது, பிறகு நல்ல மனுஷன், அவரே வழியும் காட்டினார்.

"ரூம்லதானே சார் வெச்சிருந்தீங்க? பூட்டியிருந்தீங்க இல்ல?"

நான் இவர் காதைத்தான் பார்த்தேன், போச்சு, இதோ கொக்கி காலியா இருந்துச்சு என்று ஆரம்பிக்கப்போகிறார் என்று நினைத்தேன். இவர் என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"ஆமாண்ணே. ரூம்லதான் வச்சிருந்தேன். பூட்டியிருந்துச்சு."

அவ்வளவு நிதானமாகச் சொன்னார். நான் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் ஒரு எழுத்துப் பிசகாமல் அதனதன் இடத்தில் மாட்டினார். காது சிவக்கவே இல்லை. பூபதி அண்ணன் போனை எடுத்தார், சென்னம்மா அப்படிப்பட்ட பொம்பளை இல்லியே, எதுக்கும் ஒரு வார்த்தை கேட்டுடறேன் என்று பேரைத் தேட ஆரம்பித்தார், அவர் விரல் நகர்வதைப் பார்க்கிறேன், என் தலையில் பூ வைத்த கை ஞாபகம் வருகிறது, பக்கத்தில் இவர் எனக்காகப் பொய் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் நிற்கிறார், இவரை இப்படி நிற்கவைத்தது நான்தானே.

"அண்ணா, போன் போடாதீங்க. ரூம்ல இல்ல. கடலோரம் பலகைல மாட்டிட்டு சாப்பிடப் போயிட்டம். நாந்தான் அப்படிச் சொல்லச் சொன்னன்."

பூபதி அண்ணன் போனைக் கீழே வைத்தார். திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முழுசும் உங்க பொறுப்புதான்மா என்றார், மெதுவாகக் கட்டுகிறோம் என்றேன், தலையாட்டினார். கண்ணாடியையும் வாத்துக்காலையும் அதனதன் பெட்டியில் எடுத்துப் போட்டார், இவர் அவை உள்ளே போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த லீவுக்கு என்று நான் ஆரம்பித்ததும், அண்ணன் பாக்கலாம்மா என்றார். அந்தப் பாக்கலாமுக்கு அர்த்தம் கேட்கத் தேவையில்லை.

மறுபடியும் அதே ரோடு, அதே கம்பெனி பஸ், நடுவில் பை இல்லை, அதனால் இவர் முதுகோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறேன். கடலை நானே பிடுங்கி அங்கே கொடுத்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறது. மேம்பாலம் ஏறும்போது தலையைத் திருப்பாமலே பேசினார்.

"விடுளா. கடல் எங்க போயிரப் போவுது. எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது."

இத்தனை வருஷமும் இவர் சொன்னதை எல்லாம் அந்தக் காதைப் பார்த்துத்தானே நம்பினேன்… நீ வச்ச ரசம் நல்லாருக்கு, ஆடிட் ஒண்ணும் கஷ்டமில்ல, உங்க ஊரு பழகிருச்சு… எதற்கெல்லாம் சிவக்காமல் இருந்ததோ அதெல்லாம் உண்மை என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். எனக்காக என்றால் சிவக்காது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. தோளில் கை வைத்துப் பார்த்தேன், இறங்கியிருக்கிறதா ஏறியிருக்கிறதா என்று சட்டைக்கு மேல் பிடிபடவில்லை, ஹெல்மெட்டுக்குள் காது தெரியவில்லை, தெரிந்தாலும் இனி அதைப் பார்த்து என்ன ஆகப்போகிறது, வீட்டுக்குப் போனதும் ஹெல்மெட்டைக் கழற்றி அதன் ஆணியில் மாட்டுவார்.