வாசல் நிறைய மிளகு

மணிவண்ணன் வாசல் முழுவதும் தார்ப்பாய் விரித்து மிளகு காயப் போட்டிருந்தான். நடக்க ஒரு சாண் இடம் விடவில்லை. முந்தின நாள் தெரியாமல் மிதித்துவிட்ட அப்பாவைப் பார்த்து, அக்கம்பக்கம் கேட்கக் கத்தியும் இருந்தான். அதனால்தான் எழுபத்தெட்டு வயது அப்பா சின்னக்கண்ணு, காலையில் கக்கூசுக்குப் போக வீட்டைச் சுற்றிப் பாசி படிந்த பாறை வழியாகப் போனார். வழுக்கி விழுந்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது.

கட்டுப்போட வந்த நர்ஸ் ஜெனிபர், "இத்தனை பெரிய வாசல் இருக்க, அந்தப் பக்கம் எதுக்கு தாத்தா போனீங்க?" என்று கேட்டாள்.

"கொழுப்புத்தானுங்க" என்று சிரித்தார் அவர், மகனைப் பார்க்காமல்.

"இந்த வயசுல பாறை ஏறுற ஆசை வேறயா?"

அவள் திட்டத் திட்ட அவர் தலையாட்டிக்கொண்டே இருந்தார். மணிவண்ணனுக்கு முகம் எரிந்தது.

"அவரத் திட்டாதீங்க சிஸ்டர். மொளக மிதிக்கக் கூடாதுன்னு நாந்தானுங்க கத்துனேன்."

ஜெனிபர் கட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள். "சிந்துன மொளகப் பொறுக்கிக்கலாம். எலும்பு ஒடஞ்சிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"உடுங்கம்மா, அவனே அலுத்துப்போய்க் கெடக்கறான்" என்றார் அப்பா. "நீ போய்ச் சாப்புடு சாமி."

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். குனிந்து, வாசற்படியிலிருந்து தார்ப்பாயை இழுக்கத் தொடங்கினான்.