ஏழாம் நாள் தண்ணீர்

பூசை முடிந்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. வெளியூரிலிருந்து வந்திருந்த மத விசாரணைக் குரு பீடத்துப் படியில் நின்று கட்டளையை வாசித்து முடித்திருந்தார். யூதரின் சடங்கில் கலந்துகொண்ட கத்தோலிக்கர் தவக்காலம் முடிவதற்குள் தாமாகவே வந்து சொல்லிவிட வேண்டும். சொன்னவருக்கு இரக்கம் உண்டு. மறைத்தவரைப் பற்றி வேறு யாராவது சொன்னால் இரக்கம் இல்லை.

ஆளை எரிக்க அடுக்கும் விறகு என்ற சொல்லை அவர் உச்சரிக்கவேயில்லை. ஆனாலும் ரொட்டி சுட்டுப் பிழைக்கும் கசில்தாவின் காதில் அது விழுந்தது.

அவளுக்கும் யூதப்பெண் ஓரோவுக்கும் வீடுகளுக்கிடையே ஒரே சுவர். இலையுதிர் காலத்தில் ஓரோவுக்குப் பெண் பிறந்தது. ஏழாம் நாள் யூதப் பெண்கள் கூடி, பெரிய செம்புத் தாம்பாளத்தில் தண்ணீர் நிரப்பி, கோதுமையும் வெள்ளியும் போட்டு, பாட்டுப் பாடிக் குழந்தையைக் குளிப்பாட்டினார்கள். கசில்தாவும் போனாள். தன் அம்மாவின் வெள்ளி மோதிரத்தைத் தண்ணீரில் போட்டாள். குழந்தையைத் தாங்கி முக்கியெடுத்ததும் அவள் கைதான். தண்ணீரில் விழுந்தது குழந்தைக்கே சொந்தம் என்பது வழக்கம். நூலில் கோத்த மோதிரம் அதன் கழுத்தில் ஏறியது.

அன்று அது சடங்காகவே அவளுக்குத் தோன்றவில்லை. பிள்ளை பிறந்த வீடு, போனாள், அவ்வளவுதான். கோயிலில் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கும்போது ஊற்றுவதும் அதே ஆற்றுத் தண்ணீர்தானே என்று இப்போது நினைத்தாள். நினைத்த மாத்திரத்தில் பயந்தாள். அவளுடைய கொள்ளுத்தாத்தா யூதர்; யூதர்களை வெட்டிய கலவர வருஷத்தில் உயிருக்குப் பயந்து கிறிஸ்தவரானவர். ஊர் அதை மறந்ததில்லை.

கோயில் வாசலில் நாத்தனார் மென்சியா பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, அன்னைக்கு ஓரோ வீட்டுல பாடுனீங்களே, அதை இப்பக் கொஞ்சம் பாடுங்களேன். தெருக்கோடி வரைக்கும் கேட்டுச்சு."

"வாயை மூடு."

"நான் மூடிக்குவேன். உங்ககிட்ட ரொட்டி கருகிப்போச்சுன்னு சண்டை போட்டவளுங்கல்லாம் மூடிக்குவாளுங்களா? நீங்களாப் போயிச் சொல்லிடுங்க. கையில மெழுகுத்திரியைக் குடுத்து வெறுங்காலோட நடக்கவிடுவாங்க, அதோட போச்சு. இல்லேன்னா எங்கண்ணனையும் சேத்துல்ல இழுப்பாங்க?"

மறுநாள் காலையில் கசில்தா போனாள். குரு சன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அவருடைய எழுத்தர்தான் கேட்டார்.

"தெரிஞ்சு செஞ்சியா, தெரியாம செஞ்சியா?"

"பிள்ளை பொறந்த வீடுங்க, சாமி."

"அதையா கேட்டேன்?"

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நம்பமாட்டார்களோ என்ற பயத்தில், கேட்காததையும் சொன்னாள். "மோதிரம் இன்னும் அந்தக் குழந்தை கழுத்துலதான் இருக்கு."

குரு அப்போதுதான் திரும்பினார். "அப்படியா? ஆளனுப்பிப் பாக்கச் சொல்றேன்" என்றார். குரலில் கடுமையே இல்லை. வீடு வரும்வரை அந்தக் குரல் அவள் பின்னாலேயே வந்தது.

மத்தியானம் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது பின்வாசல் வழியாக ஓரோ வந்தாள். மாவுப் பலகையில் எதையோ வைத்தாள். அந்த மோதிரம். அது குழந்தையின் கழுத்தைவிட்டு இறங்குவதென்றால் ஒரே காரணம்தான் உண்டு, சாவு. கசில்தா மாவிலிருந்து கையை எடுத்தாள்.

"குழந்தை?"

"நல்லாத் தூங்குது. பதறாதே."

"பின்னே ஏன் இது?"

"இன்னைக்கு விசாரணை ஆளுங்க எங்க ஜெபக்கூடத்துக்கே வந்துட்டாங்க. நம்ம சடங்குல நின்ன கிறிஸ்தவங்களை மறைக்கிறவன் மேல சாபம்னு எங்க ரபி வாயாலேயே சொல்லவச்சாங்க. அப்புறம் வேதச்சுருள் மேல ஒவ்வொருத்தர்கிட்டயும் சத்தியம் வாங்குனாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஒருத்தியும் வரலைன்னேன். அன்னைக்கு இருந்தவளுங்களும் அதையேதான் சொன்னாளுங்க. சாபம் எனக்கும் கடவுளுக்கும் நடுவுல. இது மட்டும் என் வீட்டுல இருக்கவேண்டாம்."

கசில்தா மோதிரத்தைப் பார்த்தாள். மாவு விரல்களில் காயத் தொடங்கியது. சுவருக்கு அப்பால் தொட்டில் ஒருமுறை கிறீச்சிட்டது.

"ஓரோ, நான் காலையிலயே போயிட்டு வந்துட்டேன்."

எங்கே என்று ஓரோ கேட்கவில்லை. "மோதிரத்தையும் சொன்னியா?" என்றாள்.

கசில்தா தலையசைத்தாள்.

"அடிப்பாவி." ஓரோ சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "ஒரு பொழுது பொறுத்திருக்கக் கூடாதா?"

இருவருக்கும் இடையில் மோதிரம் கிடந்தது. அது குழந்தையின் கழுத்தில் இருந்தால் ஓரோவின் சத்தியம் பொய். இல்லாவிட்டால் கசில்தாவின் வாக்குமூலம் பொய். ஓரோ கையை நீட்டினாள். பிறகு இழுத்துக்கொண்டாள். குழந்தை அழுதது. அவள் போய்விட்டாள்.

கசில்தா அடுப்பைப் பார்த்தாள். உருக்கிவிடலாம். ஆனால் இல்லாத மோதிரம் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லாது. குழந்தையின் கழுத்திலிருந்து கழற்றி ஒளித்துவிட்டாள் என்று ஓரோவைத்தான் பிடிப்பார்கள்.

தெருமுனையில் எழுத்தரும் இரண்டு காவலர்களும் வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் பேச்சு நின்றது. யாரோ கதவைச் சாத்தினார்கள்.

அவள் மோதிரத்தை விரலில் போட்டுப் பார்த்தாள். அம்மாவின் விரல் மெல்லியது. மாவு பிசைந்து தடித்த கணுவில் அது சிக்கிக்கொண்டது. தன்னைப் பரம்பரைக் கிறிஸ்தவள் என்று ஊர் நம்புவதற்காக வாசலுக்கு நேரே தொங்கவிட்டிருந்த, யூதர் தொடாத பன்றிக் கொழுப்பில் கொஞ்சம் கிள்ளி விரலில் தேய்த்தாள். தோல் உரிந்தது. மோதிரம் இறங்கிவிட்டது. இனி கழற்ற வேண்டுமென்றால் வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

அவர்கள் ஓரோவின் கதவைத் தட்டக் கையை ஓங்கினார்கள். கசில்தா வெளியே வந்து நின்றாள்.

"அங்க எதுக்கு சாமி தட்டுறீங்க?" என்றாள். "காலையில பயத்துல என்னென்னமோ உளறிட்டேன். மோதிரம் என் கையை விட்டுப் போனதே இல்ல."

எழுத்தர் அவள் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினார். கணுவில் அப்போதுதான் கசிந்த இரத்தத்தை வெகுநேரம் பார்த்தார்.