வேலாயுதன் எழுந்து நின்ற கூட்டம்

நெய்யாற்றின்கரைத் தாலுகாவின் அமரவிளையில் சைக்கிள் கடை வைத்திருந்த வேலாயுதனுக்கு அந்த ஐம்பத்துநாலாம் வருஷத்தில் இரண்டே நினைப்புதான். ஒன்று ஒன்பது வயது மகள் ஸ்ரீகுமாரி, இன்னொன்று எல்லைப் போராட்டம். திருவிதாங்கூரில் தமிழ் பேசும் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி ஊர்வலம் கிளம்பினால் முன்னால் கொடி பிடிப்பது அவன்தான். கமிட்டிச் செயலாளர் பொன்னையன் வாத்தியாரின் மேடைப் பேச்சை அவன் மனப்பாடமாகவே சொல்லுவான். வாத்தியார் சாயங்காலங்களில் கமிட்டி ஆபீசில் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும் எடுத்தார்.

ஒருநாள் மத்தியானம் அவன் மனைவி சரோஜம் கடைக்கே வந்துவிட்டாள். கடைப்பக்கம் வராதவள்.

"பிள்ளை வகுப்புக்குப் போவமாட்டேன்னு ஒரு வாரமா அழுதாளே. இன்னைக்குக் காரணம் பறஞ்சா" என்றாள்.

மற்றப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு வாத்தியார் அவளை மட்டும் நிறுத்திவைத்துத் தொடக் கூடாதபடி தொட்டிருக்கிறார். ஒருதடவை அல்ல, பலதடவை. வெளியே சொன்னால் கொடி பிடித்த உன் அப்பனைப் போலீசில் காட்டிக்கொடுத்து ஜெயிலில் போடுவேன் என்று மிரட்டியும் இருக்கிறார்.

"வாத்தியாரா? பிள்ளைக்குத் தப்பாத் தோணியிருக்கும்" என்றுதான் வேலாயுதன் வாயில் முதலில் வந்தது.

சரோஜம் அவனையே பார்த்தாள். "ஒம்பது வயசுப் பிள்ளைக்கு இதை இட்டுக்கெட்டிச் சொல்லத் தெரியுமா?"

அடுத்த நிமிஷம் டயர் கழற்றும் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். சரோஜம் வாசலை மறித்து நின்றாள்.

"நீங்க ஜெயிலுக்குப் போனா அவன் சொன்னதுதான் நடந்துதுன்னு பிள்ளை நினைக்கும். அப்புறம் ஆயுசுக்கும் வாய் திறக்காது."

கம்பி கீழே விழுந்தது.

மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் ரத்னபாயிடம் பிள்ளையைக் கூட்டிப்போனார்கள். தாயைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளை சொல்லச் சொல்லக் குறுக்கே பேசாமல் கேட்டு எழுதிக்கொண்டாள் அவள். பிறகு வெளியே வந்து வேலாயுதனிடம் பேசினாள்.

"இனி ஆரும் அவகிட்ட துருவித் துருவிக் கேக்கண்டாம், அண்ணே. நீங்க பறயவேண்டியது ரெண்டே காரியம். நீ சொன்னதை நம்புறேன். உனக்க மேல ஒரு தப்பும் இல்ல."

"எனக்குப் பேச வராது, நர்ஸம்மா."

"வரும். அழுகை வந்தா அழுங்க. கோபத்தை மட்டும் அவ முன்னால காட்டாதீங்க. தன்மேலதான் கோபம்னு எடுத்துக்கிடுவா."

வேலாயுதன் மகள் முன்னால் தரையில் உட்கார்ந்து அந்த இரண்டையும் சொன்னான்.

"அப்பாவைப் போலீசு பிடிக்காதா?" என்று கேட்டாள் ஸ்ரீகுமாரி.

"பிடிக்காது மக்கா. நான் இங்கதான் உண்டு."

வீட்டுக்கு வந்ததும் அவள் கஞ்சி கேட்டாள். குடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டாள். சரோஜம் அடுக்களைக்குள் போய் முகத்தைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

விஷயத்தைக் கமிட்டித் தலைவர் தங்கையனிடம் சொன்னபோது அவர் தலையைச் சொறிந்தார். "எல்லையைப் பிரிக்கிற கமிஷன்காரங்க வரப்போற நேரமாக்கும், வேலாயுதா. இது வெளிய போனா போராட்டமே நாறிப்போவும். வாத்தியாரைக் குளத்தூர் கமிட்டிக்கு மாத்திடலாம்."

"குளத்தூரில பிள்ளையள் இல்லியா?"



ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வாத்தியார் பேச எழும்போது வேலாயுதனும் எழுந்தான். "இவரு வகுப்பில பிள்ளையளைக் கெடுக்கிறாரு. எந்தப் பிள்ளைன்னு ஆரும் கேக்கண்டாம். போலீசில பறயப் போறேன். அதுக்கு முந்தி உங்ககிட்ட பறயணும்னு வந்தேன்."

வாத்தியார் சிரித்தார். "எதிர்ப்பக்கத்துக்காரன் இவனை விலைக்கு வாங்கியிருக்கான்."

கூட்டம் சலசலத்தது. "உக்காருலே" என்று யாரோ அதட்டினார்கள். அவன் உட்காரவில்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து சர்ச் பாடகர் குழுவில் பாடும் விமலகுமாரி எழுந்தாள். "எனக்க மகளும் பறஞ்சா. நான்தான் அடிச்சு அவ வாயை அடைச்சேன்" என்றாள். சொல்லும்போதே அழுதாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு தாய் பேசாமல் எழுந்து நின்றாள். பிறகு இன்னொருத்தி.

தங்கையன் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு வாத்தியாரைப் பார்த்து, "மேடையை விட்டு இறங்கும்" என்றார். புகார் மனுவில் வேலாயுதனுக்கு அடுத்த கையெழுத்து அவருடையது.

வழக்கு ஒரு வருஷத்துக்கு மேல் இழுத்தது. வாரம் தவறாமல் வந்த ரத்னபாய் நடந்ததைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கமாட்டாள். பிள்ளையோடு சோழி உருட்டுவாள், சரோஜத்தோடு மீன் கழுவுவாள், வேலாயுதன் ஒடுங்கி உட்கார்ந்தால் அவனோடும் பேசுவாள். நல்ல நாளும் வந்தது, ஸ்ரீகுமாரி ஆள் அரவம் கேட்டாலே ஒளிந்துகொள்ளும் நாளும் வந்தது. கோர்ட்டில் நீதிபதி பிள்ளைகளைத் தம் அறைக்கு அழைத்து, தாய்மாரைப் பக்கத்தில் இருத்தித்தான் விசாரித்தார். அறையை விட்டு வெளியே வந்த ஸ்ரீகுமாரி, "எல்லாத்தையும் பறஞ்சுட்டேன்" என்றாள், பரீட்சை எழுதி முடித்தவளைப் போல.

பொன்னையனுக்கு ஏழு வருஷம் தண்டனை. கோர்ட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் தாய்மாரும் பிள்ளைகளும் ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். ஊர் அதுவரை பார்க்காத ஊர்வலம் அது. கொடியும் கோஷமும் இல்லை. எதிரே வந்த லாரிக்காரன் ஓரம் கட்டி வழிவிட்டான்.

ஐம்பத்தாறு நவம்பரில் தெற்கே உள்ள தாலுகாக்கள் சென்னையோடு போயின. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றுவிட்டது. தங்கையன் வேலாயுதன் வீட்டு முற்றத்தில் வந்து சோர்ந்து நின்றார். "தோத்துப்போனோம்லே வேலாயுதா."

வேலாயுதனுக்கும் நெஞ்சு கனத்துத்தான் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஸ்ரீகுமாரி பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டே முற்றத்துக்குள் பாய்ந்தாள். தங்கையன் மேல் மோதப் பார்த்து, விலகி, மூச்சு வாங்கச் சிரித்தாள். பிறகு, ஆள் அரவத்துக்கே ஒளிந்துகொண்டிருந்தவள் அவரை நேராகப் பார்த்து, "மாமா, வழியை விட்டு மாறும்" என்றாள்.

தங்கையன் மாறி நின்றார். வேலாயுதன் சிரிக்கத் தொடங்கினான், நிறுத்த முடியவில்லை.